பழைய சி.பி. நிலையச் செட்டின் கேட்கும் திறனை உயர்த்துவது எப்படி? (கோப்ரா 2000 ஜி.டி.எல்.)

பல்லடத்தான் (பல்லடம்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பணிபுரிந்து ஊர் திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்த கோப்ரா 2000 ஜி.டி.எல். செட்டு, தோட்டத்துச் சாளையில் துணி போர்த்திய நிலையில் நெடுங்காலம் கிடந்து, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. சி.பி. என்பது பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் வானொலிப் பட்டை. ஏ.எம். (வீச்சுப் பண்பேற்றம்), எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) ஆகிய இரு பேச்சு முறைகளும் உள்ள 40 சேனல் செட்டு. 120 வோல்ட்டுக்கு உரியது என்பதால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வழியாக இயக்குகிறேன். கடிகாரமும் அதிர்வெண் காட்டியும் நன்றாக ஒளிர்கின்றன.

குறை கேட்பதில்தான் இருக்கிறது. எந்தச் சேனலில் வைத்தாலும், வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கிறது. ஒலிபெருக்கியில் ஓயாத கரகரப்பு. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நண்பர் பேசுவது அந்தக் கரகரப்புக்கு அடியில் முனகலாகத்தான் வருகிறது. ஆன்டெனா மொட்டைமாடியில் உள்ள கால் அலை நீளக் கம்பி; அதிலிருந்து ஆர்.ஜி.58 கேபிள் கீழே வருகிறது. சற்றுத் தள்ளி விசைத்தறிக் கூடம் ஒன்றும், வேலிக்கு அந்தப்புறம் கோழிப்பண்ணையும் உள்ளன. ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் இடையில் வைக்கும் முன்பெருக்கி வாங்கலாமா, அல்லது ஆன்டெனாவிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் முன்முனையில் உள்ள 2எஸ்.சி.1674 டிரான்சிஸ்டரை மாற்றலாமா என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கோபி வானொலி (கோபிசெட்டிபாளையம்)

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன், எதையும் கழற்றுவதற்கும் முன், ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டை இணையாகச் சேர்த்து ஈயம் வைத்து, ஆன்டெனா பிளக் ஒன்றுக்குள் பொருத்திக்கொள்ளுங்கள். அது 50 ஓம் சுமையாகிவிடும். அதைச் செட்டின் பின்புறம் மாட்டியிருக்கும்போது மைக்கின் பொத்தானை மட்டும் அழுத்திவிடக் கூடாது. அந்தச் சிறு ரெசிஸ்டர்கள் கருகிவிடும்.

எஸ்.எஸ்.பி.யில் வைத்து, முன்முனையின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்.எஃப். கெய்னை முழுவதும் திறந்து, என்.பி., ஏ.என்.எல். என்ற இரைச்சல் தடுப்புகள் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியின் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரைச்சலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வால்யூமைத் தொடாமல் சுமையைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவை மாட்டி மீண்டும் அளக்க வேண்டும். அளவு 1.4 மடங்கு ஆனால், வெளியிலிருந்து வரும் இரைச்சலும் செட்டுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலும் சமம் என்று பொருள். மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தால், செட்டின் சொந்த இரைச்சல் மொத்தத்தில் அரை டெசிபெல்கூடச் சேர்க்கவில்லை. அந்த நிலையில் முன்பெருக்கியோ புதிய டிரான்சிஸ்டரோ உங்களுக்கு எதையும் கூடுதலாகக் கேட்க வைக்காது. முள் மட்டும் இன்னும் உயரமாக ஏறும்.

சிங்காநல்லூர் மின்னணு (கோவை)

அண்ணா சொல்லும் சோதனை சரிதான். ஆனால் முன்முனையை மாற்றுவதால் பயனே இல்லை என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. 1970களின் இறுதியில் வடிவமைத்த சுற்று இது. அதன் பிறகு இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர்கள் எவ்வளவோ வந்துவிட்டன. பழைய 1674-ஐ எடுத்துவிட்டு நல்லதொன்றை வைத்தவர்கள் பலரும் வித்தியாசம் தெரிவதாகத்தான் சொல்கிறார்கள். மேலும், நாற்பது ஆண்டுகளில் இடி மின்னலின் நிலைமின் தாக்கம் அந்த டிரான்சிஸ்டரைத் தொடாமல் விட்டிருக்குமா?

கோபி வானொலி

இரண்டாவதாகச் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நிலைமின்னால் அடிபட்ட டிரான்சிஸ்டரும், ஆன்டெனா நுழைவாயிலில் எதிரெதிராக வைத்திருக்கும் காப்பு டையோடுகளில் ஒன்று கசிவதும் ஒரு செட்டைச் செவிடாக்கிவிடும். அப்படிப்பட்ட செட்டில் ஆன்டெனாவை மாட்டினாலும் இரைச்சல் ஏறாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. பழுதை நீக்குவது வேறு, நல்ல நிலையில் உள்ளதை மேம்படுத்துவதாக எண்ணி மாற்றுவது வேறு.

முதலாவதாகச் சொன்னதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில், மனிதர்களின் சாதனங்கள் எழுப்பும் வானொலி இரைச்சலுக்கான சூத்திரம் இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸுக்கு அதைப் பொருத்தினால், வெப்ப இரைச்சலின் அடிமட்டத்துக்கு மேல் நகரத்தில் சுமார் 37 டெசிபெல், குடியிருப்புப் பகுதியில் 33, கிராமப்புறத்தில் 27.5 என்று வருகிறது. மின்கம்பியே இல்லாத காட்டுக்குள் போய் உட்கார்ந்தாலும் விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் இரைச்சல் 19 டெசிபெல் இருக்கும்.

இனி செட்டின் பக்கம் வருவோம். இவ்வகைச் செட்டுகளின் கையேட்டில் எஸ்.எஸ்.பி.க்கு வழக்கமாகத் தரப்படும் உணர்திறன், 10 டெசிபெல் தெளிவுக்கு (குரல் இரைச்சலுக்கு மேல் நிற்கும் அளவு) 0.25 மைக்ரோவோல்ட். அலைப்பட்டை அகலத்தை 2 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், செட்டின் இரைச்சல் எண், அதாவது செட்டு தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு, ஏறத்தாழ 12 டெசிபெல். கேட்பதற்கு மோசமான எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வெளியே 27.5 டெசிபெல் இரைச்சல் நிற்கும்போது, செட்டின் 12-ஐ நீங்கள் பெரும்பாடுபட்டு 3 ஆகக் குறைத்தாலும் மொத்த இரைச்சல் சுமார் 0.1 டெசிபெல்தான் குறையும். எந்தக் காதுக்கும் அது தெரியாது. மாற்றியவர்கள் வித்தியாசம் கேட்டதாகச் சொல்வது, பெருக்கம் கூடி முள் உயர்ந்ததையோ, மாற்றும்போது கூடவே காயில்களைத் திருகிச் சீராக்கியதன் பலனையோ பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பியின் நண்பர் குரல் ஏன் முனகலாக வருகிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை கிடைக்கிறது. ஏ.எம்.முக்கு உரிய 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், கிராமத்து இரைச்சலே 50 ஓமில் 0.8 மைக்ரோவோல்ட் அளவுக்கு இருக்கிறது. நகரத்து இரைச்சல் 2.5 மைக்ரோவோல்ட். கையேட்டில் போட்டிருக்கும் 0.5 மைக்ரோவோல்ட் குறியை எந்த மொட்டைமாடியிலும் கேட்க முடியாது. ஆய்வுக்கூடத்து மேசையில்தான் கேட்க முடியும்.

பல்லடத்தான்

ஐயா சொன்னபடியே அளந்து பார்த்தேன். சுமையிலிருந்து ஆன்டெனாவுக்கு மாற்றியதும் அளவு மூன்று மடங்கையும் தாண்டிவிட்டது. ஆக, செட்டு செவிடு அல்ல என்பது உறுதியாகிவிட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் முள் ஒரு பிரிவு இறங்குகிறது. கோழிப்பண்ணையின் விளக்குகளை அணைத்தபின் இன்னும் நன்றாக இறங்குகிறது. இனி நான் செட்டைத் திறக்கவே வேண்டியதில்லையா?

பொள்ளாச்சித் தோப்பு (ஆனைமலை)

செட்டைத் திறக்கும் வேலை பிறகு இருக்கட்டும். முதலில் இரைச்சலின் ஊற்றைத் தேடுவோம். எங்கள் பகுதியில் இதைப் பல தோப்புகளில் செய்திருக்கிறோம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேட்டரியில் இயங்கும் சிறிய கைவானொலி ஒன்றை எடுத்து, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அதனுள் இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. கம்பியின் முனை இரைச்சல் மூலத்தை நேராக நோக்கும்போது ஓசை குறையும். அந்த இடத்திலிருந்து கோடு பிடித்து, இன்னோர் இடத்திலிருந்தும் கோடு பிடித்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் குற்றவாளி இருக்கும். அருகில் நெருங்கியபின் வானொலியைச் சிற்றலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மத்திய அலை இரைச்சல் மின்கம்பி வழியாகவே வெகுதூரம் ஓடிப்போய் ஏமாற்றும், சிற்றலையின் மேல்கோடியில் கேட்பது மூலத்துக்குப் பக்கத்தில்தான் வலுவாக இருக்கும்.

கொங்குப் பகுதித் தோட்டங்களில் அகப்படுபவை பெரும்பாலும் இவைதான். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் டிரைவர்கள் முதலிடம். ஒரு கோழிக்கொட்டகையில் அவை வரிசையாகத் தொங்குவதால் கொட்டகையின் வயரிங்கே நீண்ட ஆன்டெனாவாகிவிடுகிறது. அடுத்து, சூரிய மின்பம்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களும். இவற்றின் இரைச்சல் பகல் முழுவதும் இருந்து அந்தி சாயும்போது நின்றுவிடுவதை வைத்தே அடையாளம் காணலாம். வழக்கமான ஸ்டார்டெல்டா ஸ்டார்ட்டர் ஓடத் தொடங்கும்போது ஒரு வெடிப்பொலி தருவதோடு சரி. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மழை பெய்யாத மாதங்களில் உயரழுத்தக் கம்பியின் பீங்கான்களில் தூசி படிந்தோ, ஆணி தளர்ந்தோ எழும் பொறி, நொடிக்கு நூறு முறை அடிக்கும் தடித்த ரீங்காரமாக வரும். நல்ல மழைக்குப் பிறகு அது மறைந்தால் ஐயமே வேண்டாம். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்; கம்பத்தை நீங்கள் தட்டிப் பார்க்கவோ இழுகம்பியை ஆட்டிப் பார்க்கவோ கூடாது.

அடுத்த வீட்டுக்காரரிடம் போய்க் குறை சொல்வதைவிட, அவர் கொட்டகைக்குப் பொருத்தமான நல்ல விளக்குகள் இரண்டை நாமே வாங்கிக் கொடுத்து, மாட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது. பண்ணைக்காரருக்கும் அடிக்கடி எரிந்துபோகும் டிரைவர்களால் செலவுதான்.

இவ்வளவு தேடியும் அணைக்க முடியாத இரைச்சல் மிஞ்சும். அதில் பெரும்பங்கு ஆன்டெனாவின் கம்பியில் பிடிபடுவதே இல்லை. வீட்டு வயரிங்கிலிருந்து செட்டின் உடல் வழியாகக் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலில் ஏறி, மாடிக்குப் போய், ஆன்டெனாவின் அடியில் உள்ளே நுழைகிறது. அதைத் தடுக்க ஃபெரைட் வளையம் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸுக்கு 31ஆம் வகையோ 43ஆம் வகையோ பொருந்தும். பெரிய வளையத்தில் ஆர்.ஜி.58-ஐ ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ஒன்றை ஆன்டெனாவின் அடியிலும் மற்றொன்றைச் செட்டின் பின்னாலும் வையுங்கள். செட்டின் மின்கம்பியையும் அதேபோல் ஒரு வளையத்தில் சுற்றிவிடுங்கள். உங்கள் கால் அலைக் கம்பிக்குக் கீழே தரைக்கம்பிகள் இருக்கின்றனவா? 27.185 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.62 மீட்டர் வேண்டும். அவை இல்லாவிட்டால் கேபிளின் பின்னலே தரைக்கம்பியின் வேலையைச் செய்யும். வீட்டு இரைச்சல் முழுவதையும் அதுவே அள்ளிக் கொண்டுவரும்.

சிங்காநல்லூர் மின்னணு

அண்ணாவின் 0.1 டெசிபெல் கணக்கை நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், ஏற்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம் பேசப்படாமலே இருக்கிறது. வலிமையான நிலையங்கள் பக்கத்துச் சேனலில் வந்து அடிப்பதைச் செட்டு எவ்வளவு தாங்குகிறது என்பதும் கேட்கும் திறன்தானே? சூரியன் உச்சத்தை எட்டும் ஆண்டுகளில், 2024இல் கண்டதைப் போல, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் தொலைநாட்டுக் குரல்கள் 27 மெகாஹெர்ட்ஸை நிறைத்துவிடுகின்றன. சேனல்களுக்கிடையே 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி.

இந்தச் செட்டில் ஏ.எம். சமிக்ஞை 7.8 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து, பிறகு 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. எஸ்.எஸ்.பி. 7.8-இல் உள்ள படிக வடிகட்டியோடு நின்றுவிடும்; அது நல்ல வடிகட்டி, அதைத் தொட வேண்டாம். ஏ.எம். பாதையில் உள்ள 455 பீங்கான் வடிகட்டியை மாற்றுவது உண்மையாகவே பலன் தரும். முராட்டா நிறுவனத்தின் பழைய வடிகட்டி வரிசையில் எச் எழுத்து இருபுறமும் 3 கிலோஹெர்ட்ஸ், ஐ எழுத்து 2, ஜி எழுத்து 4.5 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம் தேவைக்கு எச் வகை போதும். ஐ வகையைப் போட்டால் குரலின் மேல்சுருதி வெட்டுப்பட்டுப் பேச்சு கம்மும். எச் வகை 2 கிலோஓம் மின்தடையை எதிர்பார்க்கும். பழைய வடிகட்டியின் இருபுறமும் உள்ள ரெசிஸ்டர்களை அதற்கேற்ப மாற்றாவிட்டால் வடிகட்டியின் உச்சி சமதளமாக இராமல் மேடும் பள்ளமுமாகிவிடும். உற்பத்தி நின்றுபோன பொருள் என்பதால், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பொருத்துவதற்கு முன் அதன் அகலத்தை அளந்துவிடுங்கள்.

கோபி வானொலி

சிங்காநல்லூர்த் தம்பி சொன்னதை முழுமனதாக வழிமொழிகிறேன். ஆர்.எஃப். கெய்ன் குமிழ் முன்புறத்தில் இருப்பதும் இதற்காகத்தான். வெளி இரைச்சலுக்கும் செட்டின் இரைச்சலுக்கும் இடையே 15 டெசிபெல் இடைவெளி இருக்கும்போது, அந்தக் குமிழைச் சற்றுக் குறைத்து வைத்தால் மெல்லிய நிலையம் எதையும் இழக்காமலே வலிய நிலையத்தின் தாக்கம் தணிகிறது. முன்பெருக்கி இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும்.

இனி செட்டைத் திறக்கும் வேலைக்கு வருகிறேன். பல்லடத்துத் தம்பி, உங்கள் செட்டு செவிடு அல்ல என்று தெரிந்தாலும், நாற்பது கோடைகளைத் தகரக் கூரைக்கடியில் கழித்த செட்டின் மின்பகு (எலெக்ட்ரோலிடிக்) கன்டென்சர்கள் வற்றிப்போயிருக்கும்.

முதலில் மின்வழங்கல். அமெரிக்கச் செட்டின் டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றப்பட்டது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டுக்கு அதன் இரும்பில் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, ஆகவே சூடு கூடும். எனவே 120 அல்லாமல் 110 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரையே வையுங்கள். கிராமத்து லைன் 250-க்கு ஏறினாலும் செட்டுக்கு 120-தான் போகும். ஒற்றைச் சுருளால் ஆன ஆட்டோ டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்து, இரு சுருள்களும் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். பெரிய வடிகட்டிக் கன்டென்சரைப் புதிதாக்கியபின், சீராக்கிய வோல்ட்டேஜில் உறுமல் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பெருக்கத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏ.ஜி.சி. பாதையில் உள்ள சிறு மின்பகுகன்டென்சர்கள். இவை மதிப்பு குறைந்தால் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இரைச்சல் பீறிட்டு எழும். கசிந்தால் பெருக்கம் எப்போதும் பாதியில் நிற்கும். கையேட்டில் உள்ள மதிப்பையே போடுங்கள். பிறகு ஒலிப்பகுதியின் இணைப்புக் கன்டென்சர்கள். பீங்கான் வில்லைகள் பெரும்பாலும் கெடுவதில்லை, அவற்றை விட்டுவிடலாம். ஐ.எஃப். கேன்களின் (7.8, 455 ஆகிய இடைநிலை அதிர்வெண்களுக்கான காயில் டப்பாக்கள்) அடிப்பகுதியில் உள்ளே பொதிந்திருக்கும் சிறு குழாய்க் கன்டென்சர் கறுத்துப்போயிருந்தால், காயிலைத் திருகும்போது உச்சம் கிடைக்காது அல்லது உச்சத்தில் வெடிப்பொலி கேட்கும். கறுத்ததை நசுக்கி எடுத்துவிட்டு அதே மதிப்பில் வெளியே ஒன்றை வைக்கலாம்.

அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் பகுப்பு டையோடைப் பாருங்கள். அங்கே ஜெர்மேனியம் 1என்60 இருக்க வேண்டும். யாரோ பழுது பார்த்தவர் அதற்குப் பதிலாகச் சிலிக்கான் 4148-ஐ வைத்திருந்தால், மெல்லிய ஏ.எம். குரல்கள் சிதைந்துதான் வரும். ரிலே உள்ள செட்டுகளில் இன்னொன்று: மைக் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டதும் கேட்பது தெளிவானால், தொடுபுள்ளிகள் களிம்பேறியுள்ளன. தொடுபுள்ளித் திரவத்தில் நனைத்த கெட்டித்தாளை இடையில் விட்டு இழுத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம்.

ஈரோட்டு அலை (ஈரோடு)

ஐயா, காயில்களைச் சீராக்கச் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர்கள் என்ன செய்வது? என்னிடம் டைனி எஸ்.ஏ. என்ற சிறிய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று இருக்கிறது.

கோபி வானொலி

அதுவே தாராளமாகப் போதும். அதுவே சமிக்ஞையும் உண்டாக்கும்; அதன் வெளியீட்டை மைனஸ் 76 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபெல் அளவு) வரை இறக்கலாம். 50 ஓமில் ஒரு மைக்ரோவோல்ட் என்பது மைனஸ் 107 டி.பி.எம்.; எனவே சமிக்ஞையைக் குறைக்கும் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை இடையில் வைத்தால் ஒரு மைக்ரோவோல்ட்டை ஒட்டி வந்துவிடுகிறது. 27.185-இல், அதாவது 19ஆம் சேனலில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 30 விழுக்காடு ஏ.எம். ஆக ஏற்றி, ஒலிபெருக்கியின் ஏ.சி. வோல்ட் உச்சத்துக்கு வரும்படி பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: முதலில் 455 கேன்கள், பிறகு 7.8, கடைசியாக முன்முனைக் காயில்கள். அளவு ஏற ஏறச் சமிக்ஞையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் ஏ.ஜி.சி. உச்சத்தை மழுக்கிவிடும். முன்முனைக் காயில்களை 19இல் மட்டும் உச்சப்படுத்தாமல், 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் வைத்துப் பார்த்து, இரு கோடியிலும் இழப்பு ஒத்திருக்கும்படி விடுங்கள்.

இரும்புத் திருப்புளியைக் காயிலுக்குள் விடவே கூடாது. இரும்பு உள்ளே இருக்கும்போது ஒரு மதிப்பும் எடுத்தபின் வேறொரு மதிப்பும் வரும். ஃபெரைட் உள்ளகமும் பிளந்துவிடும். நன்கு காய்ந்த மூங்கில் சிம்பைச் சீவி, உள்ளகத்தின் பள்ளத்துக்குப் பொருந்தும்படி செய்துகொண்டால் அதைவிட நல்ல கருவி இல்லை. மெழுகு வைத்து அடைத்திருந்தால் முடி உலர்த்தியால் மெல்லச் சூடாக்குங்கள். அலை உண்டாக்கும் பகுதியின் காயில்களையும், ஒலிபரப்பும் பகுதியின் காயில்களையும் தொட வேண்டாம். கையேட்டின் படத்தில் எவை ரிசீவருக்கு உரியவை என்று குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் தொடுங்கள்.

ஒலிபரப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் தேவைப்படாத பட்டை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் வரம்புக்குள். அமெரிக்கச் செட்டின் 1 முதல் 27 வரையுள்ள சேனல்கள் இதற்குள் அடங்கும். 28ஆம் சேனல் 27.285, 2 கிலோஹெர்ட்ஸ் வெளியே போய்விடுகிறது. எஸ்.எஸ்.பி.யில் இந்தச் செட்டின் 12 வாட் உச்சமும் வரம்பைத் தாண்டியது.

பல்லடத்தான்

மாடியில் தரைக்கம்பிகள் நான்கு கட்டி, வளையங்களையும் சுற்றியபின் முள் இரண்டுக்கு இறங்கியிருக்கிறது. நண்பரின் குரல் சொல் சொல்லாகப் புரிகிறது. கன்டென்சர்களுக்குக் காந்திபுரத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை: என்.பி. பொத்தானைப் போட்டால் இருசக்கர வண்டிகளின் ஓசை நின்றுவிடுகிறது, கோழிப்பண்ணைக் கரகரப்பில் துளியும் மாற்றமில்லை. அந்தப் பகுதி பழுதா?

பொள்ளாச்சித் தோப்பு

எங்கள் மலையடிவாரத்தில் யானைகளுக்காகப் போட்ட சூரிய மின்வேலிகள் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை அடிக்கும் துடிப்பை என்.பி. அடியோடு நிறுத்திவிடும். விளக்கு டிரைவர்களிடம் அது எங்களுக்கும் பலிப்பதில்லை.

கோபி வானொலி

பழுது இல்லை தம்பி. என்.பி. குறுகலான வடிகட்டிக்கு முன்னாலேயே துடிப்பைக் கண்டு, அந்தக் கணத்துக்கு மட்டும் பாதையை மூடுகிறது. வடிகட்டிக்குள் போய்விட்டால் துடிப்பு நீண்டு இழுபட்டுக் குரலோடு கலந்துவிடும் என்பதால்தான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் பொறியும் மின்வேலியும் கூர்மையாக வந்து, நடுவில் போதிய இடைவெளி விடுபவை. டிரைவரின் இரைச்சலோ இடைவெளியே இல்லாமல் நொடிக்குப் பல்லாயிரம் முறை வருவது. எதை மூடுவது, எதைத் திறப்பது என்று அந்தச் சுற்றுக்குத் தெரியாது. ஏ.என்.எல். பகுப்புக்குப் பின்னால் ஒலியின் கூர்முனைகளை வெட்டுவது மட்டுமே, அதுவும் இங்கே உதவாது.

கன்டென்சர்களை மாற்றும்போது என்.பி. பகுதியின் காயிலையும், அதன் டையோடுக்குப் பின் வரும் டி.சி. உச்சத்துக்கு வரும்படி சீராக்கிவிடுங்கள். மாலையில் தொலைநாட்டு நிலையங்கள் வலுத்துவரும்போது அதை நிறுத்தியே வையுங்கள். பக்கத்துச் சேனலின் உரத்த குரலைத் துடிப்பு என்று எண்ணி மூடித் திறந்து, நீங்கள் கேட்கும் குரலை அதுவே சிதைக்கும். பண்ணை விளக்குகளுக்கு விளக்கை மாற்றுவதுதான் வழி. முதலில் உங்கள் வேலியை ஒட்டிய வரிசையை மாற்றிப் பார்த்துவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.